ரிமோட் இணைப்பில் டீம்ஸ், வட்ஸ்அப் உள்ளே விடாவிட்டால்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோட்டை, புறக்கோட்டை அலுவலகங்களில் உள்ள கணினியை வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ வீட்டிலிருந்தபடி ரிமோட் டெஸ்க்டொப் மூலம் இயக்குவோர் பலர். கணக்குக் கோப்புகள் திறக்கும். அலுவலக உரையாடல் செயலியான டீம்ஸோ, வட்ஸ்அப்போ மட்டும் உள்ளே விடாது. உடனே அந்தச் செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். பெரும்பாலும் வீண் வேலை.

திரைதான் உங்கள் வீட்டில் இருக்கிறது. லொக்-இன் நடப்பது அலுவலகக் கணினியில். ஆகவே அதே கணக்கை வீட்டுக் கணினியின் பிரவுசரிலும், ரிமோட் திரைக்குள் உள்ள பிரவுசரிலும் திறந்து பாருங்கள். இரண்டிலும் மறுத்தால் கோளாறு கணக்கில். ரிமோட்டில் மட்டும் மறுத்தால் அலுவலகக் கணினியில், அல்லது அங்கு இணையப் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வோலில். பிரவுசரில் திறந்து டீம்ஸ் செயலியில் மட்டும் திறக்காவிட்டால், அது சேமித்து வைத்த பழைய தரவே காரணமாக இருக்கலாம். செட்டிங்ஸில் அப்ஸ் பட்டியலுக்குப் போய், டீம்ஸின் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸில் ரீசெட் கொடுத்தால் போதும். உரையாடல்கள் சேர்வரில் இருப்பதால் அழியாது.

அடுத்து கடிகாரம். மின்வெட்டுக்குப் பிறகு பழைய கணினிகளில் திகதி பல வருடங்கள் பின்னோக்கிப் போய்விடுவதுண்டு. மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் வில்லை பற்றரி தீர்ந்திருக்கும். திகதி பிழைத்தால் இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும், லொக்-இன் பக்கம் வெறுமையாக நிற்கும். டொமைனில், அதாவது அலுவலகம் மையமாக நிர்வகிக்கும் வலையமைப்பில், இணைந்த கணினியென்றால் 5 நிமிடத்துக்கு மேற்பட்ட வித்தியாசமே சிக்கல் தரும். செட்டிங்ஸின் டேட் அண்ட் டைமில் சிங்க் நவ் அழுத்துங்கள். மறுநாளும் நேரம் பிசகினால் பற்றரியை மாற்றத்தான் வேண்டும்.

ஆட்கள் அதிகம் குழம்புவது கியூ.ஆர். குறியீட்டில்தான். வட்ஸ்அப் குறியீட்டை ரிமோட் திரையிலிருந்தே தொலைபேசியால் ஸ்கேன் செய்யலாம். இரண்டும் ஒரே வை-பையில் இருக்க வேண்டியதில்லை. இணைப்பு மந்தமாகிப் படம் மங்கினாலோ, ஸ்கேன் செய்வதற்குள் குறியீடு மாறிவிட்டாலோ, தொலைபேசி இலக்கம் மூலம் இணைக்கும் வழியைத் தெரிவு செய்து, திரையில் வரும் 8 எழுத்துக் குறியீட்டைத் தொலைபேசியில் பதியலாம். பாஸ்கீக்காக, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் தொலைபேசியில் வைத்திருக்கும் டிஜிட்டல் திறவுகோலுக்காக, வரும் கியூ.ஆர். அப்படியல்ல. தொலைபேசி பக்கத்தில் இருக்கிறதா என்று கணினி புளூடூத் மூலம் பார்க்கும். கணினி கோட்டையில், தொலைபேசி வெள்ளவத்தையில் என்றால் எத்தனை தடவை ஸ்கேன் செய்தாலும் பயனில்லை. இரு பக்கமும் புதிய விண்டோஸ் இருந்தால், இணைக்குமுன் ரிமோட் டெஸ்க்டொப்பின் லோக்கல் ரிசோர்சஸில் மோர் அழுத்தி, வெப்ஓத்ன் (WebAuthn) என்ற தெரிவுக்கு அடையாளமிடுங்கள். பாஸ்கீ சோதனை வீட்டுக் கணினியிலேயே நடக்கும்.

டீம்ஸில் 80090016 என்ற பிழை இலக்கம் வந்தால் அவசரப்பட வேண்டாம். இரகசியத் திறவுகோல்களைக் காக்கும் டி.பி.எம். என்ற கணினிச் சிப்பில் இருக்க வேண்டிய திறவுகோல் கிடைக்கவில்லை என்று பொருள். மதர்போர்டை மாற்றிய பின் இது வரும். அலுவலகக் கணக்கைத் துண்டித்து மீண்டும் இணைக்கும்படி இணையத்தில் ஆலோசனை கிடைக்கும். அதை ரிமோட்டில் இருந்துகொண்டு செய்யாதீர்கள். அந்தக் கணக்கால்தான் விண்டோஸுக்குள்ளேயே நுழைகிறீர்கள் என்றால் கணினி உங்களை வெளியே நிறுத்திவிடும். அலுவலகத்தில், அந்தக் கணினி முன் அமர்ந்து செய்யுங்கள்.

உதவிப் பிரிவு என்று சொல்லி எனிடெஸ்க் என்ற ரிமோட் செயலியில் இணைபவர், தொலைபேசிக்கு வந்த 6 இலக்க ஓ.டி.பி.யை (ஒருமுறைக் கடவுச்சொல்லை) கேட்டால் இணைப்பைத் துண்டியுங்கள். இந்த வேலைகள் எதற்கும் அவருக்கு அந்த இலக்கம் தேவையில்லை.

ஸ்கைப்பில் நுழைய இன்னும் முயல்வோருக்கு: அது 2025 மே 5ஆம் திகதியுடன் மூடப்பட்டது. அதே கணக்கால் இலவச டீம்ஸில் நுழையலாம்.

கணினி உதவிப் பிரிவு ஊழியர் ஒருவர்,
கொழும்பு 06