ஜனவரியின் மூன்றாம் திங்கள் யாருக்கு?

அலபாமா சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஹண்ட்ஸ்வில்லில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் நாங்கள். போன ஜனவரி விடுமுறையில் மகளை மாநிலத் தலைநகர் மாண்ட்கமரிக்கு அழைத்துப் போனேன். கேபிடல் கட்டடத்தின் முகப்பில் ஒரு பித்தளை நட்சத்திரம் பதித்திருக்கிறீர்கள். 1861 பிப்ரவரி 18 அன்று, அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்களின் தலைவராக ஜெஃபர்சன் டேவிஸ் பதவியேற்க நின்ற இடம் அது. அங்கிருந்து பார்த்தால் கூப்பிடு தூரத்தில் ஒரு செங்கல் தேவாலயம். 1954 முதல் 1960 வரை மார்ட்டின் லூதர் கிங் போதகராக இருந்தது அங்கேதான். 1959-இல் அவர் இந்தியா வந்து சென்னைக்கும் போனாரே, அப்போதும் அவர் அந்தச் சபையின் போதகர். அதனால் எங்களுக்கு அந்தக் கட்டடம் அந்நியமில்லை.

"இன்னைக்கு யாருக்காகப்பா லீவு?" என்று மகள் கேட்டாள். கிங்குக்கும், ராபர்ட் ஈ. லீக்கும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் உங்கள் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

லீயின் பெயரில் முன்பே இருந்த விடுமுறையில் 1980களில் கிங்கின் பெயரையும் சேர்த்தீர்கள். அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன மாநிலங்களின் தளபதியையும், அந்த அடிமைகளின் வழிவந்தவர்களுக்காக உயிரைக் கொடுத்தவரையும் ஒரே நாளில் எப்படிக் கொண்டாடுவது? லீ அலபாமாக்காரர்கூட இல்லை, வர்ஜீனியாக்காரர். அந்த வர்ஜீனியாவே 2020-இல் அவர் பெயரிலான விடுமுறையை விட்டுவிட்டது. உங்களைப் போலவே இருவரையும் ஒரே நாளில் கொண்டாடிய ஆர்கன்சாஸ் 2017-இல் அதைப் பிரித்துவிட்டது.

அப்புறம் அதே ஊரிலுள்ள லெகசி அருங்காட்சியகத்துக்குப் போனோம். சுவர் நிறையக் கண்ணாடி ஜாடிகள். கும்பல் கூடிக் கறுப்பின மக்களை அடித்தும் தூக்கிலிட்டும் கொன்ற இடங்களிலிருந்து அள்ளிய மண். ஒன்றில் கரிசல் போலக் கறுப்பு, பக்கத்தில் செம்மண், அதற்கடுத்து வெளிறிய மணல். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு தேதி. மகள் ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே நடந்தாள். பாதி வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சரி, இது பழைய கதை, கிளற வேண்டாம் என்பீர்கள். பேருந்தில் கறுப்பினத்தவரை ஒதுக்கி உட்காரவைத்ததை எதிர்த்து, கிங்கின் தலைமையில் 381 நாள் பேருந்தில் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் இன்றும் மாண்ட்கமரியில் இருக்கிறார்கள். அடிமை முறை ஒழிந்ததை நினைவுகூரும் ஜூன் 19-ஐ 2025-இல் அரசு விடுமுறையாக்கியதும் இதே சட்டமன்றம்தான். மனமிருந்தால் உங்களால் முடியும்.

வரும் கூட்டத்தொடரில் ஒரு திருத்தம் கொண்டுவாருங்கள். ஜனவரியின் மூன்றாம் திங்களில் கிங்கின் பெயர் மட்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஹண்ட்ஸ்வில்லில் வாழும் ஒரு தகப்பன்