மாடிக்குச் செய்தி அனுப்ப இணையம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணையம் அடிக்கடி போவதால் சிறுதொழில் செய்பவர்கள் இரண்டாவதாக ஓர் இணைப்பும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஞாயிறு இதழில் எழுதியிருந்தீர்கள். பில் போட, மெயில் பார்க்க, சரி. ஒரே கட்டடத்துக்குள் பேசிக்கொள்ள அது தேவையில்லை.

சிவகாசியில் சின்னதாக ஓர் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். கீழே டிசைனும் பில்லிங்கும்; மாடியில் பிளேட் (அச்சடிக்கும் தகடு) போடும் அறை. மெஷின் ஓடினால் படியில் நின்று கத்தினாலும் கேட்காது. எல்லாம் கம்ப்யூட்டர் வாட்ஸ்அப்பில்தான். இரண்டு வருடம் முன்பு காலண்டர் சீசனில், தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் ஃபைபரை அறுத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு நகைக்கடைக்காரர் போன் செய்து, அவர் காலண்டரில் போட்ட போன் நம்பரில் ஓர் எண் தப்பு என்றார். 'பிளேட் போடாதீங்க' என்று டிசைனர் உடனே தட்டிவிட்டார். செய்தி போகாமல் பக்கத்தில் கடிகாரக் குறி மட்டும் நின்றதை அவர் கவனிக்கவில்லை. மாடியில் பிளேட் போட்டு, தப்பு நம்பரோடு அச்சான ஆயிரம் தாள் பொட்டலம் கட்டத்தான் ஆனது.

எங்கள் நான்கு கம்ப்யூட்டர்களும் ஏற்கெனவே ஒரே ஸ்விட்ச்சில் (கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) கேபிளால் இணைந்துதான் இருக்கின்றன என்று நினைத்திருந்தேன். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், இப்படி இணைந்த கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்ப 'நெட் சென்ட்' என்ற கட்டளை போதும். விளம்பரக் குப்பை அதன் வழியே வந்து கொட்டியதால் 2004-ல் வந்த சர்வீஸ் பேக் 2 என்ற எக்ஸ்பி மேம்பாட்டில் அதை அணைத்து வைத்தார்கள், அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் எடுத்தேவிட்டார்கள். இப்போது நாங்கள் வைத்திருப்பது ஐ.பி. மெசஞ்சர். ஜப்பான்காரர் எழுதிய இலவச மென்பொருள். சர்வர் வேண்டாம். கம்ப்யூட்டரைப் போட்டதும் அதுவே 'நான் வந்தாச்சு' என்று நெட்வொர்க் முழுக்கக் குரல் கொடுக்கும், மற்றவை பதில் சொல்லும், பெயர்ப்பட்டியல் வந்துவிடும். விண்டோஸுக்குப் பதில் உபுண்டு போட்ட கம்ப்யூட்டரில், இதோடு பேசக்கூடிய ஐபிடக்ஸ் என்ற மென்பொருளை வைத்தோம், விண்டோஸோடு ஒழுங்காகப் பேசுகிறது.

முதல் நாள் பிளேட் அறை மட்டும் பட்டியலில் வரவே இல்லை. கம்ப்யூட்டரின் காவல் மென்பொருளான ஃபயர்வாலில், ஐ.பி. மெசஞ்சர் பயன்படுத்தும் 2425 என்ற போர்ட்டை (செய்தி நுழையும் வழி) திறந்தும் பலனில்லை. அரைநாள் மண்டை காய்ந்த பிறகுதான், மாடியில் வைஃபைக்காக மாட்டிய இன்னொரு ரூட்டரிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குக் கேபிள் போவதைப் பார்த்தேன். கீழே கம்ப்யூட்டர்களின் நெட்வொர்க் முகவரி 192.168.1 என்று தொடங்கும், அங்கே 192.168.0; அதாவது இரண்டும் தனித்தனி நெட்வொர்க். 'நான் வந்தாச்சு' என்ற அந்தக் குரல் ரூட்டரைத் தாண்டிப் போகாது. கேபிளைப் பிடுங்கி ஸ்விட்ச்சில் செருகியதும் பெயர் வந்தது.

அடுத்தது தமிழ். டிசைனருக்குப் பாமினிதான் பழக்கம்; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு அது. அவர் 'தமிழ்' என்று அடித்தால் எதிர்முனையில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி! எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற ஒரு வாரம் முணுமுணுத்தார்.

ஒரு குறை உண்டு. எதிரே கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் செய்தி போகாது. மின்சாரம் போனாலும் வேலை செய்ய ஸ்விட்ச்சுக்கும் யு.பி.எஸ். வேண்டும். மற்றபடி போன மாதம் ஒரு நாள் முழுக்க இணையம் இல்லை, வேலை நிற்கவில்லை. மாடியிலிருந்து டீ கேட்பதும் இப்போது அதில்தான். பில்லிங்கில் இருக்கும் என் மனைவி அதற்கு மட்டும் பதில் போடுவதில்லை.

இப்படிக்கு,
ஓர் அச்சக உரிமையாளர், சிவகாசி