எழுதி வாங்கி அனுப்பாதீர்கள், மனுப் போடுங்கள்

இலங்கையின் வடக்கே வன்னியிலுள்ள பொலிஸ் நிலையங்களின் பொறுப்பதிகாரிகளுக்கும், அங்குள்ள சிறுவர், மகளிர் பிரிவினருக்கும்,

வணக்கம். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆனாலும் சீருடை இருக்கும் இடத்துக்குத் தனியே போக இங்குள்ள பெண் இன்றும் தயங்குகிறாள். அந்தத் தயக்கத்தையும் மீறி, தனக்கு நேர்ந்த வன்முறை பற்றிய முறைப்பாட்டோடு வருபவளுக்கு, முதல் ஒரு மணி நேரத்தில் உங்கள் மேசையில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றியே இந்த மடல்.

பல வேளைகளில் கணவனைக் கூப்பிட்டு, இருவரையும் இருத்தி, "இனிக் கை நீட்டமாட்டேன்" என்று எழுதி வாங்கி அனுப்பிவிடுகிறீர்கள். அது நீதிமன்றக் கட்டளை அல்ல. மீறினாலும் அதற்கென்று தண்டனை இல்லை. பொலிஸுக்குப் போன குற்றத்துக்கும் சேர்த்து அன்றிரவு அடி விழும்.

வலுவுள்ள கடதாசி 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது. அடிப்பவரைத் தடுக்கும் பாதுகாப்புக் கட்டளை கேட்டு, அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரே நீதவான் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவளுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் அதிகம் பயன்படாமல் கிடப்பதும் இதுதான். ஆபத்து உடனடியானால் இடைக்காலக் கட்டளை கேட்கலாம். முழுக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். மீறினால் ஒரு வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை தண்டப்பணம், அல்லது இரண்டும்.

விவாகப் பதிவுச் சான்றிதழைக் கேட்டுத் திருப்பி அனுப்பவேண்டாம். போர்க்காலத்தில் இயக்கத்தின் கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து அவசரமாகத் தாலி கட்டிவைத்த சோடிகளும், இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்தவர்களும் இங்கே நிறைய. பதிவில்லாமல் சேர்ந்து வாழும் துணையும் இச்சட்டத்துக்குள் வருகிறார்.

"அடிக்கடி அடிப்பார்" என்ற மனுவில் நீதவானுக்குப் பிடிமானம் கிடைக்காது. கடைசியாக எந்தத் திகதி, எதைக்கொண்டு அடித்தார், யார் கண்டது, வீட்டில் கத்தி கோடரி உண்டா என்று எழுதுங்கள். அவர் வரக்கூடாத இடங்களையும் குறிப்பிடுங்கள்: வீடு, அவளின் வேலைத்தலம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம். உடுப்பும் அடையாள அட்டையும் எடுக்கப் பொலிஸ் துணை வரவேண்டும் என்றும் கேளுங்கள். இந்த ஒரு வரி விடுபட்டால், அட்டைக்காக அவள் தனியே அந்த வீட்டுக்குத் திரும்ப நேரும்.

அடுத்தது மொழி. தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கும்போது, "வயிற்றில் மிதித்தார்" என்பது "தள்ளினார்" ஆகிவிடுகிறது. பிறகு அது சிறுகாயம். சிறுகாயம் என்றால், சிறு பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்கசபைக்குப் போகும், அங்கே மறுபடி சமரசம். தமிழ் எழுதத் தெரிந்த பெண் உத்தியோகத்தர் அன்று கடமையில் இல்லையென்றால் அயல் நிலையத்திலிருந்து கூப்பிடுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் வாங்குங்கள்.

பாலியல் வன்முறை என்றால் வாக்குமூலத்துக்கு முன் வைத்தியசாலை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும். கருத்தடை அவசர மாத்திரையும் பிந்தப் பிந்தப் பலன் குறையும். உடுப்பைப் பொலித்தீன் பையில் போட்டால் ஈரம் பிடித்துத் தடயம் கெட்டுவிடும், கடதாசிப் பையே சரி. அவள் நேரே வைத்தியசாலைக்குப் போயிருந்தால், சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தை உங்கள் ஆளே அங்கு கொண்டுபோகட்டும். அதற்காக அவளை நிலையத்துக்கு அலையவிடாதீர்கள்.

அன்றிரவு தங்க இடமில்லாவிட்டால் பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரையோ மகளிர் உதவித் தொலைபேசி இலக்கமான 1938ஐயோ அழையுங்கள். அந்த உத்தியோகத்தரின் கைபேசி இலக்கமும், தமிழில் அச்சிட்ட மனுப் படிவங்களும் இரவுக் கடமையில் இருப்பவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பொறுப்பதிகாரியின் அறையில் பூட்டிக் கிடந்தால் இரவு பத்து மணிக்கு உதவாது.

இங்ஙனம்,
முறைப்பாட்டுக்கு வரும் பெண்களுக்குத் துணை வரும் பணியாளர்கள்