மூலை ஏன் வெளுத்தது?

பாளையங்கோட்டை

பிரியமுள்ள ஆவுடையப்பனுக்கு,

உம்ம பார்சல் கசங்காமல் வந்து சேர்ந்தது. பதில் தாமதம்தான், வசவை நேரில் வையும். இங்கே எல்லாரும் சௌக்கியம். மேலத்தெரு அத்தானை விசாரித்ததாகச் சொல்லும். சால்னா பேச்சை மட்டும் எடுக்காதேயும்.

செம்புத் தட்டைக் கரைசலில் அரித்து, பள்ளத்தில் மை நிரப்பித் தாளில் அழுத்தி எடுத்த உம்ம எச்சிங் படத்துக்கு வருவோம் வே. தார்சா, ஊஞ்சல், தையல் மெஷின் முன்னால் ஆச்சி. வரைந்த கையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊஞ்சலுக்குப் பின்னால் உள்ள மூலைதான் படத்திலேயே இருட்டாக இருக்க வேண்டிய இடம். அங்கே போய்ச் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. ஓரத்தில் மட்டும் கருப்பாக ஒரு வரி. “மை சரியில்லை” என்று எழுதியிருக்கிறீர். மையின் மேல் பழி போடாதேயும். நீர்தான் தட்டை அரிக்கிற கரைசலில் அதிக நேரம் ஊறப் போட்டிருக்கிறீர்.

ரோசின் என்கிற பிசின் பொடியைத் தட்டில் தூவிச் சுட்டு, பிறகு அரித்து நிழல் கொண்டுவருகிற அக்குவாடிண்டில் மையைப் பிடித்து வைப்பது ஆழம் மட்டும் இல்லை. ரோசின் மணிகள் காப்பாற்றி நிறுத்துகிற பொடி மேடுகள் இடையிடையே நிற்க வேண்டும். கரைசல் கீழே அரிக்கிற மாதிரியே பக்கவாட்டிலும் அரிக்கும். நேரம் கூடினால் மணிக்கு அடியில் உள்ள செம்பு போய், மேடு சரிந்து, அந்த இடமே மொட்டைப் பள்ளமாகிவிடும். துடைக்கும்போது பள்ளத்தின் நடுவில் உள்ள மை துணியோடு வந்துவிடும். சுவரை ஒட்டி ஒதுங்கியது மட்டும் மிஞ்சும். உம்ம கருப்பு வரி அதுதான்.

போதாக்குறைக்கு இந்தச் சித்திரை வெயில். உம்ம அரிப்புக் கரைசலான ஃபெரிக் குளோரைடு சூடு ஏற ஏற வேகமாக அரிக்கும். மார்கழியில் எழுதி வைத்த நிமிஷக் கணக்கை இப்போது பார்த்துப் போட்டால் மூலை வெளுக்காமல் என்ன செய்யும்? ரோசினையும் நீர் அரைகுறையாகத்தான் சுட்டிருப்பீர் என்று தோன்றுகிறது. வெள்ளைப் பொடி தெளிந்து நிறமில்லாமல் ஆனதும் நெருப்பை எடுத்துவிட வேண்டும். முந்தினால் மணி ஒட்டாமல் கரைசலில் கழன்றுவிடும். பிந்தினால் மணிகள் ஒன்றாகக் கலந்து தட்டையே மூடிவிடும்.

என்னைக் கேட்டால், இந்த அறைக்கு அக்குவாடிண்டே வேண்டாம். அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1922இல் போட்ட ‘ஈஸ்ட் சைட் இன்டீரியர்’ படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பாரும். தட்டு 20க்கு 25 சென்டிமீட்டர்தான். அதிலும் தையல் மெஷின். ஒரு பெண் வேலையை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் பார்க்கிறாள். அறையின் இருட்டெல்லாம் கோட்டின் மேல் கோடு. வெளிச்சம் என்பது வெறும் தாள். கிடைப்பதிலேயே வெள்ளைத் தாளும் கிடைப்பதிலேயே கருப்பு மையும் தேடின மனுஷன் அவர். உம்ம ஜன்னலைப் பாரும், அழுக்கு வேட்டி நிறம்! துடைக்காமல் விட்ட மைப் படலம் ‘அமைதி’ தரும் என்று உமக்கு யார் சொன்னது? கஞ்சி போட்ட மல் துணியால் துடைத்த பிறகு, உள்ளங்கையில் சாக்பொடி தடவி ஜன்னலை மட்டும் வழித்தெடும். இன்னும் சாந்தமாக வேண்டுமென்றால் இத்தாலி ஓவியர் மொராண்டி இருக்கிறார். 1930 முதல் 1956 வரை அந்த ஊர் பொலோஞா நகரக் கலைக் கல்லூரியில் எச்சிங் சொல்லிக் கொடுத்தவர். பாட்டிலும் கிண்ணமும்தான் பொருள். குறுக்குக் கோட்டு வலையிலேயே அத்தனை சாம்பலையும் கொண்டுவந்தார்.

தட்டைத் தூக்கிப் போட வேண்டாம். சாக்பொடியும் கொஞ்சம் அம்மோனியாவும் போட்டுத் தேய்த்துக் கழுவும். தண்ணீர் முத்து முத்தாக ஓடாமல் படலமாக நின்றால் எண்ணெய்ப் பசை போய்விட்டது என்று அர்த்தம். மறுபடி அரிப்பைத் தடுக்கிற மெழுகு பூசி, மூலையில் ஊசியால் மெழுகைக் கீறி ஒரே திசையில் கோடு போட்டு அரிக்க விடும். பிறகு திரும்பப் பூசி, அடுத்த திசை. இரண்டு திசையையும் ஒரே தடவையில் போட்டால் கோடுகள் வெட்டுகிற இடத்தில் மெழுகு பெயர்ந்து பழைய கதைதான். ஜன்னல் கம்பிக்கு 10 நிமிஷம் போதும். அதை வார்னிஷ் தடவி மூடிவிட்டு மற்றவற்றை 20, 40, 80 என்று இரட்டித்துக்கொண்டு போம். 10, 15, 20 என்று போனால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. முதலில் ஒரு செம்புத் துண்டில் சோதித்து, உம்ம வீட்டுச் சூட்டுக்கு இந்தக் கணக்கைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். கரைசல் நாலு பங்குக்கு, மூன்று பங்கு தண்ணீரில் ஒரு பங்கு சிட்ரிக் ஆசிட் பொடி கரைத்த தண்ணீர் ஒரு பங்கு சேர்த்தால் கோட்டுக்குள் வண்டல் அடைக்காது.

பத்தமடைப் பாயைத் தட்டில் பூசின மென்மெழுகில் அழுத்தித் தரையைக் கொண்டுவரப் போவதாக எழுதியிருந்தீர். ஆசை நல்ல ஆசை. ஆனால் அழுத்தினால் கோரை எல்லாம் ஒரே பருமனில் விழும். கிட்டப் பாயும் தூரப் பாயும் ஒன்றாகத் தெரிந்து தரை எழுந்து சுவராக நிற்கும். கையால் போடும்.

இன்னொன்று. மெஷின் சக்கரம் ஆச்சிக்கு இடது பக்கம் வந்திருக்கிறது, ஆச்சியின் முந்தானை வலது தோளில் கிடக்கிறது. டெய்லர் சுடலை பார்த்தால் ஊரெல்லாம் சொல்லுவார். தாளில் திரும்பி விழும் என்பதால் தட்டில் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றி வரைய வேண்டும் என்பதை உமக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது பாரும்!

இனி விளையாட்டுப் பேச்சு இல்லை. ரோசின் தூள் பறக்கிற அறையில் கேஸ் அடுப்பு கூடவே கூடாது. அந்தத் தூள் காற்றில் கலந்திருக்கும்போது பற்றினால் வெடிக்கும். பொடி தூவுவது ஒரு அறை, சுடுவது வேறு அறை. மூக்குக்கு நல்ல மாஸ்க் போடும், துண்டு போதாது. தீர்ந்த கரைசலைக் கன்னடியன் கால்வாயில் கொட்டிவிடாதேயும். அதில் இருப்பது கரைந்த செம்பு, மீனுக்கு விஷம். சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நுரை அடங்கினதும் படிய விட்டு, அடிச் சேற்றைத் தனி டப்பாவில் மூடி வையும். அதைச் சேர்க்க வேண்டிய இடத்தை நான் விசாரித்து எழுதுகிறேன்.

அடுத்த தடவை பிரிண்ட் மட்டும் அனுப்பினால் போதாது. தட்டையும் சாய்வான வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பும். எது மேடு, எது பள்ளம் என்று அதில்தான் தெரியும்.

இப்படிக்கு
சங்கரலிங்கம்