மவுத் ஆர்கன்காரன்

அன்புள்ள கயல்,

"மூணு பேரு ஸ்டேஷன்ல சும்மா உக்காந்திருக்காங்க, பத்து நிமிஷமா ஒண்ணுமே நடக்கலப்பா" என்று சொல்லி, 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' என்ற கௌபாய் படத்தை நிறுத்திவிட்டாயாமே. போனில் பதில் சொன்னால் பாதியிலேயே சிரித்து அமுக்கிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

அந்தப் பத்து நிமிஷத்தை மறுபடி பார். ஒருவன் முகத்தில் வந்து உட்காரும் ஈயைத் துப்பாக்கிக் குழலுக்குள் பிடித்து அடைக்கிறான். இன்னொருவன் தொப்பியில் தண்ணீர் சொட்டுகிறது. ஆள் நகரவே மாட்டேன் என்கிறான், கடைசியில் தொப்பியில் தேங்கியதைக் குடித்துவிட்டுப் போகிறான். மூன்றாமவன் விரலில் சொடக்கு எடுக்கிறான். எங்கோ ஒரு காற்றாலை கிறீச்சிடுகிறது. எண்ணியோ மோரிக்கோனே போன்ற இசையமைப்பாளரைக் கையில் வைத்துக்கொண்டு, இயக்குநர் செர்ஜியோ லியோனி இந்த இடத்தில் பாட்டே போடவில்லை. ரயில் வந்து கிளம்பிய பிறகுதான் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்து மவுத் ஆர்கன் கேட்கும். நீ அதற்குக் கொஞ்சம் முன்னாடி எழுந்து போயிருக்கிறாய்.

வாசிப்பவன் சார்லஸ் பிரான்சன். படம் முழுக்க அவனுக்குப் பெயர் கிடையாது. அவன் தேடிவந்த பிராங்க், "யார் நீ?" என்று கேட்கும்போதெல்லாம் யார் யார் பெயரையோ சொல்கிறான். எல்லாம் பிராங்க் கொன்று போட்டவர்களின் பெயர்கள். பழிவாங்கும் படம் என்றால் முதல் ரீலிலேயே கொலையைக் காட்டி, அப்புறம் ஒவ்வொருவராகக் கணக்குத் தீர்ப்பார்கள். இங்கே அது என்ன கணக்கு என்றே நமக்குத் தெரியாது. அவன் ஞாபகத்தில் மங்கலாக ஓர் உருவம் நம்மை நோக்கி நடந்து வரும். அடுத்த முறை வரும்போது இன்னும் கொஞ்சம் தெளியும். அவ்வளவுதான் தருவார்கள்.

நான் மிகவும் ரசித்த இடம் ஒன்று உண்டு. பிராங்கின் ஆட்களே காசு வாங்கிக்கொண்டு அவனைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறார்கள். அவனைக் காப்பாற்றுவது யார் தெரியுமா? இந்த மவுத் ஆர்கன்காரன்தான்! வேறு எவனாவது சுட்டுவிட்டால் பிராங்க் ஏன் சாகிறோம் என்று தெரியாமலே செத்துப்போவான். இவனுக்கு அது போதாது. அவனுக்கு ஞாபகம் வரவேண்டும். கடைசிச் சண்டையில் அது எப்படி வருகிறது என்பதைச் சொல்லமாட்டேன், நீயே பார்.

பிராங்க்காக வருவது ஹென்றி ஃபோண்டா. 1939இல் இளம் லிங்கனாக நடித்தவர், யோக்கியன் வேஷம் என்றாலே அமெரிக்கர்களுக்கு அவர் முகம்தான். படப்பிடிப்புக்கு மீசையோடும் பழுப்பு நிற கான்டாக்ட் லென்ஸோடும் வந்தாராம். லியோனி இரண்டையும் எடுக்கச் சொல்லிவிட்டார். அந்த நீலக் கண்தானே வேண்டும்! ஒரு குடும்பத்தையே சுட்டுத் தள்ளிய பிறகு கேமரா சுற்றி வந்து அந்த முகத்தைக் காட்டும். எம்.ஜி.ஆர். ஒரு சின்னப் பையனைச் சுட்டால் நமக்கு எப்படி இருக்கும், அப்படி.

நடுவில் இழுக்கிறது, மறுக்கவில்லை. பிராங்க்கும் கதாநாயகி ஜில்லும் வரும் படுக்கையறைக் காட்சி எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் ஜில்லை விட்டுவிடாதே. புருஷனைப் பறிகொடுத்த அவள் கையில் மிஞ்சுவது ஒரு பொட்டல் நிலம். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும், அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிணறு இருப்பது அங்கேதான், அத்தனை கொலையும் அதற்காகத்தான். ஜில்லாக வரும் கிளாடியா கார்டினலே பேசாமலே நடந்து வரும் இடங்களில் இசையைக் கவனி. மோரிக்கோனே முன்கூட்டியே மெட்டுப் போட்டுக் கொடுக்க, அதைப் படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு நடக்கச் சொன்னார்கள். அம்மாவுக்குப் பிடித்தது செயென் என்கிற கொள்ளைக்காரன். ஜேசன் ரோபார்ட்ஸ் வரும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

1968 படம் இது. அமெரிக்காவில் வெட்டிக் குறைத்து வெளியிட்டும் ஓடவில்லை, பிரான்சில் சக்கைப்போடு போட்டது. அந்த வெட்டுப்பட்ட பிரதி உன் கையில் சிக்கிவிடப்போகிறது. 165 நிமிஷம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள். வேகத்தைக் கூட்டிப் பார்க்காதே. போனில் வேண்டாம், லேப்டாப்பிலாவது பார்.

அன்புடன்,
அப்பா