வாசல் விளக்கை அணைத்துவிடு

கோத்தகிரி,
புரட்டாசி கடைசி ஞாயிறு

அன்புள்ள தனம்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் சம்பந்தி வீட்டுப் பஞ்சாயத்து, மீதி அரைப் பக்கம் பூக்காத செடி. பஞ்சாயத்தை நேரில் வைத்துக்கொள்வோம். அதற்குத் தபால் தலை போதாது. செடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதற்கே கை வலிக்கும்போல் இருக்கிறது.

அதற்கு முன் இங்கத்திய சேதி. கூடலூர்ப் பக்கம் ஆடி, ஆவணியில் கொட்டித் தீர்த்த மழை எங்களுக்கு வழக்கம்போலச் சாரலோடு நின்றுவிட்டது. தொட்டபெட்டா சிகரம் குறுக்கே நிற்கிறது அல்லவா, எங்கள் சரிவுக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் மழைக்காலம். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை என்று பக்கத்து வீட்டுப் படுகர் பாட்டி தினமும் வேலி ஓரம் நின்று புலம்புகிறார். கீழே இருக்கும் கோயிலில் கரடி புகுந்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போனது. பூசாரி இப்போது எண்ணெய்ச் சட்டியை வீட்டுக்கே எடுத்துப் போய்விடுகிறார். என் முழங்கால் மேட்டில் ஏறும்போது வாயைத் திறப்பதில்லை, இறங்கும்போதுதான் ஒப்பாரி வைக்கிறது. அவ்வளவுதான் சேதி.

இனி உன் கலாஞ்சோ. மே மாதம் மலர்க்கண்காட்சிக்கு வந்தபோது ஊட்டியில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே அருப்புக்கோட்டை வரை போனாயே, அந்த ஆரஞ்சுப் பூச்செடி. "பாலைவனச் செடி, தண்ணீரே வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னார். எங்கள் ஊர் வெயிலுக்குக் குதித்துக்கொண்டு வளரும் என்று நினைத்தேன். இப்போது நெட்டுநெட்டென்று இலை மட்டும் விடுகிறது" என்று எழுதியிருக்கிறாய். கடைக்காரர் சொன்னதில் பாதிதான் சரி. அது பாலைவனத்துச் செடி அல்ல, மலைச்செடி. வடக்கு மடகாஸ்கரின் மலைப்பகுதிதான் அதன் சொந்த ஊர். 1932-ல் ஜெர்மனியின் பாட்ஸ்டாம் நகரத்தில் ராபர்ட் பிளாஸ்ஃபெல்ட் என்ற விதை வியாபாரி அதைப் பூச்செடியாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். தாவரவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மழை இல்லாத மாதங்களைச் சமாளிக்க இலையில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆனால் இரவு குளிர வேண்டும், நன்றாக இருட்ட வேண்டும். வறட்சியைத் தாங்கும் என்றால் வெக்கையையும் தாங்கும் என்று அர்த்தம் இல்லை, தனம். உங்கள் ஊரில் இரண்டும் சேர்ந்தே வருவதால் உனக்கு அப்படித் தோன்றுகிறது.

குளிர்ந்த இரவு ஏன் வேண்டும் என்றால், இந்தக் குடும்பத்துச் செடிகள் மூச்சு விடுவதே இரவில்தான். மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். கூடவே தண்ணீரும் ஆவியாகப் போய்விடும். இவை பகலில் கதவைச் சாத்திவிடும். இரவில் திறந்து, வாங்கிய காற்றை மாலிக் அமிலமாக மாற்றி இலைக்குள் வைத்துக்கொள்ளும். விடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, வெளிச்சத்தில் அந்த அமிலத்தைச் செலவு செய்து உணவு தயாரிக்கும். இதை நாக்கால் கண்டு எழுதியவர் நம் பக்கத்தில் இருந்தவர்தான். பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர். தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் தாவரவியலாளராக வேலை பார்த்தவர். உன் செடிக்கு உறவான ரணகள்ளியின் இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சப்பென்று ஆகிவிடுகிறது, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று ஒரு கடிதம் எழுதினார். 1815-ல் லண்டனில் லின்னேயன் என்ற இயற்கை அறிவியல் சங்கத்தார் அதை அச்சிட்டார்கள். நானும் என் வீட்டு ரணகள்ளியில் ஒரு துணுக்கை விடியற்காலையில் கிள்ளி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். பல் கூசுகிற புளிப்பு. மத்தியானம் அதே செடியில் இன்னொரு துணுக்கைக் கிள்ளினேன். வெறும் பச்சைத் தண்ணீர். இரண்டையும் துப்பிவிட்டேன், நீ பயப்படாதே.

உங்கள் ஊரில் சித்திரை, வைகாசி இரவுகளில் சுவரே கொதிக்கும். அந்த மாதங்களில் இரவில் அது சரியாக மூச்சு வாங்காது. வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கும். அப்போது உரம் போட்டு எழுப்பப் பார்க்காதே. வேப்பமர நிழலில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். மற்ற மாதங்களில் காலை வெயில் பத்து மணி வரை போதும். இலை ஓரம் சிவந்தால் வெயில் அதிகம் என்று வைத்துக்கொள். இங்கே மார்கழிக் குளிருக்கும் அதே சிவப்பு வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், நான் விட்டுவிடுவேன்.

இப்போது பூவுக்கு வருகிறேன். உன் வீட்டு வாசல் விளக்கு விடிய விடிய எரியும் என்பது எனக்குத் தெரியாதா? திருட்டுப் பயம் என்று உன் வீட்டுக்காரர் அணைக்க விடமாட்டார். செடியை அந்த விளக்குக்கு நேர் கீழே, மாடிப்படியில் வைத்திருப்பதாக நீயே எழுதியிருக்கிறாய். பிறகு எங்கிருந்து பூக்கும்? இரவு நீண்டால்தான் இது மொட்டு வைக்கும். நடு இரவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலே, நீண்ட இரவைப் பாதியில் வெட்டியதாக அது எடுத்துக்கொண்டு மறுபடியும் இலை விடத் தொடங்கிவிடும். மே மாதத்தில் பூவோடு விற்கிறார்களே என்று கேட்பாய். பசுமைக்குடிலில் கறுப்புத் துணி போட்டு மூடி, தினமும் 14 மணி நேர இருட்டு என்று ஆறு வாரம் காட்டினால் எந்த மாதத்திலும் பூக்க வைக்கலாம். நம் ஊர்களில் மார்கழி இரவே பன்னிரண்டரை மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும். செடிக்கு அது விளிம்பில் நிற்கிற கணக்கு. அதில் விளக்கு வேறு எரிந்தால் போச்சு.

எங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. மேற்குப் பக்கத்துக் காலி மனையில் ஒரு தங்கும் விடுதி வந்திருக்கிறது. மரத்துக்கு மரம் விளக்குச் சரம், இரவு முழுவதும் கல்யாண வீடு. போன தை மாதம் கிழக்குச் சுவரோரம் இருந்த தொட்டிகள் எல்லாம் பூத்துக் குலுங்கின. மேற்கு ஓரத்தில் இருந்தவை கொழுகொழு இலையோடு நின்றன. ஒரே தாய்ச்செடியிலிருந்து ஒடித்து வைத்தவை, ஒரே மண். விடுதிக்காரரிடம் போய் என் செடி தூங்க வேண்டும், விளக்கை அணையுங்கள் என்றா சொல்ல முடியும்? தொட்டிகளைக் கிழக்கே மாற்றிவிட்டேன். மின்மினியும் அந்தப் பக்கம் வருவதில்லை என்று பாட்டி சொல்கிறார்.

நீ இதைச் செய். ஐப்பசி பிறந்ததும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துச் செடியை மூடு. காலை எட்டு மணிக்கு எடுத்து வெயில் காட்டு. ஆறு வாரம் ஒருநாள்கூடத் தவறாமல் செய். பேரனிடம் பொறுப்பை ஒப்படைத்தால் மறக்கமாட்டான். அவனுக்கு இது விளையாட்டு. இலைகளுக்கு நடுவே கடுகளவு பச்சை மொட்டுகள் கூட்டமாகத் தெரிந்த பிறகு பெட்டி வேண்டாம். பொங்கலை ஒட்டிப் பூத்துவிடும். அதன் பிறகு உன் வீட்டுக்காரர் விளக்கைப் போட்டுக்கொள்ளட்டும்.

தண்ணீரும் மண்ணும் ஒன்றாகப் பேச வேண்டியவை. கடையில் வாங்கிய செடி தேங்காய் நார்க்கழிவில்தான் வேர் விட்டிருக்கும். அது நனைந்தால் நடுவில் ஈரம் தங்கி வேரை அழுக வைக்கும். ஒரேயடியாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது, ஊற்றுவதெல்லாம் ஓரமாக வழிந்து ஓடிவிடும். ஆகவே அதை உதறிவிட்டு மண்தொட்டிக்கு மாற்று. உங்கள் கரிசலைத் தொட்டியில் போடாதே. பருத்திக்கு அது தெய்வம், இதற்கு எமன். இரண்டு பங்கு பருமணல், ஒரு பங்கு மக்கிய சாண எரு, ஒரு பங்கு உடைத்த செங்கல் துண்டு. ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்டைக் கழுவி மாவை நீக்கிவிட்டுப் போடு. அடியில் துளை இருக்கிறதா என்று பார்த்து, அதன்மேல் ஓர் ஓட்டாஞ்சில்லை வை. தண்ணீர் எப்போது ஊற்றுவது என்பதற்கு நாள் கணக்கு வைத்துக்கொள்ளாதே. அடி இலையை இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார். விறைப்பாக இருந்தால் நகர்ந்துவிடு. காது மடலைப்போலத் துவண்டால் தொட்டியின் அடியில் தண்ணீர் வழிகிற அளவுக்கு ஊற்று, பிறகு மறுபடியும் இலை துவளும்வரை மறந்துவிடு. தினம் ஒரு சொம்பு என்று ஊற்றுகிற பழக்கம் துளசிக்குச் சரி.

இங்கே என் பாடு வேறு. தண்ணீர் ஊற்றுவதற்கு எனக்கு வேலையே இல்லை, வருகிற தண்ணீரைத் தடுப்பதுதான் வேலை. ஐப்பசியில் மூடுபனி இறங்கினால் நாலைந்து நாள் இலையில் ஈரம் காயாது. சாம்பல் நோய் வரும், நத்தை வரும், தண்டு அடியில் கறுத்துச் சரிந்துவிடும். அதனால் எல்லாத் தொட்டிகளும் ஓட்டு இறவாரத்துக்குக் கீழே, காற்று புகுகிற மாதிரி இடைவெளிவிட்டு இருக்கின்றன. கோத்தகிரியில் உறைபனி அபூர்வம் என்பதால் பிழைத்தேன். ஊட்டியில் பள்ளமான இடங்களில் புல் வெளுத்துக் கிடக்கும். பனி பட்ட சதைப்பற்று இலை உள்ளே நீர் உறைந்து, வெயில் ஏறியதும் வெந்த கீரையாகிவிடும். அங்கே தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளைக் கோத்தகிரி மிலார் தழையால் மூடி வைப்பார்கள், எங்கள் ஊர்ச் செடிதான் போர்வை. உனக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை, மாவுப்பூச்சி மட்டும்தான் வரும். இலைக்கணுவில் வெள்ளையாகப் பஞ்சுபோட்டு ஒளிந்திருக்கும். சோப்புத் தண்ணீர் அடிக்காதே, இந்த இலைக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் ஒற்றி எடு.

நெட்டையாக வளர்ந்த தண்டை வீணாக்காதே. நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி, அடியில் இரண்டு இலைகளைக் கிள்ளிவிட்டு, நிழலில் மூன்று நாள் சும்மா போட்டு வை. வெட்டுவாய் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு மணலில் ஊன்று. பச்சை வெட்டோடு ஊன்றினால் அழுகும். பூ முடிந்ததும் காம்பை இரண்டு ஜோடி இலை கீழே தள்ளி வெட்டிவிட்டால் புதுக் கிளை விடும். உரம் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். உன் வெள்ளாடுகளுக்கு எட்டாத உயரத்தில் வை. இந்த இனத்துச் செடிகளில் இதயத்தைத் தாக்குகிற நஞ்சு உண்டு, பூவில் இன்னும் அதிகம். ஆஸ்திரேலியாவில் இதன் உறவுச் செடிகளைத் தின்று மாடுகளே செத்திருக்கின்றன. ரணகள்ளி இலை சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்று யாராவது சொல்லக் கேட்டு உன் வீட்டுக்காரர் மெல்ல ஆரம்பித்தாலும் தடுத்துவிடு. இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற மனிதர், டாக்டரைக் கேட்காமல் ஒரு துண்டுகூட வாயில் போடக் கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தக் கடிதத்தோடு ஒரு ரணகள்ளி இலையை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் புத்தகத்துக்குள் வைப்போமே, கட்டிப்போட்டால் குட்டிபோடும் இலை, அதேதான். உன் பேரனுக்கு. நான் உறைக்குள் வைக்கும்போதே ஓரத்துப் பள்ளம் ஒன்றில் வெள்ளை வேர் நூலாக எட்டிப் பார்த்தது. மேலே எள்ளளவில் இரண்டு இலை, ஒன்றை ஒன்று கும்பிட்டபடி. தபாலில் நசுங்காமல் வந்தால் ஈர மணல்மேல் அப்படியே படுக்கப் போடச் சொல், புதைக்க வேண்டாம். வேர் பிடித்துப் பெரிதான பின் தொங்கு விளக்குபோலப் பூக்கும், தேன்சிட்டு வரும். தொட்டிக்குள்ளேயே வை, தரையில் விட்டால் தோட்டத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மார்கழி, தை வாக்கில் வருவதாகச் சொல்லியிருந்தாய். பக்கத்துப் பேரகணியில் படுகர்களின் ஹெத்தையம்மன் திருவிழா நடக்கிற சமயமாகப் பார்த்து வா. பாட்டி உன்னைக் கூட்டிப்போகிறேன் என்கிறார். காரில் வந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும். மேட்டுப்பாளையம் வந்து கோத்தகிரி பஸ்ஸில் ஏறிவிட்டால் அந்தத் தொந்தரவு இல்லை. வர்க்கி நான் வாங்கி வைக்கிறேன், நீ சாத்தூர் சேவு கொண்டு வா. மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்றும் ஊன்றி வைத்திருக்கிறேன். எந்த நிறம் வேண்டும் என்று அடுத்த கடிதத்தில் எழுது, இல்லாவிட்டால் பாட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அன்புடன்,
சரோஜா