எங்கள் தெரு சென்டோவை மூடுகிறார்கள்

ஏலே சங்கரா,

வீட்டில் எல்லோரும் சுகமா? இங்கே சுகம். பிள்ளைகள் இப்போதெல்லாம் ஜப்பானிய மொழியில்தான் சண்டை போடுகிறார்கள், எங்களுக்குப் பாதி புரிவதில்லை, அதனால் பாதித் தலைவலி மிச்சம். நீ எழுதியதற்குப் பதில் வரவில்லை என்று பரமசிவன் மூலமாகத் தூது விட்டாயாமே, அவனை நம்பியா? 'அஞ்சே நிமிஷம்' பார்ட்டி. அவன் எனக்குச் சொல்வதற்குள் இங்கே பருவமே மாறிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெரு சென்டோவை மூடப்போகிறார்கள். நான் அம்மணமாகக் குளிக்கப்போகிறேன் என்று நீ கல்லிடைக்குறிச்சி வரைக்கும் சொல்லிச் சிரித்தாயே, அதே பொதுக் குளியல் கூடம்தான். நேற்று வேலை முடிந்து போனால் கதவில் ஒரு வெள்ளைத்தாள், தூரிகையால் எழுதியது. பாய்லர் பழசாகிவிட்டது, எங்களுக்கும் வயதாகிவிட்டது, இத்தனை காலம் வந்ததற்கு நன்றி, மாதக் கடைசியோடு நிறுத்துகிறோம். அவ்வளவுதான். ஒரு புலம்பல் இல்லை, காரணத்துக்குக் காரணம் இல்லை. நம் ஊராக இருந்தால் ஒரு டீக்கடை மூடுவதற்குக்கூட இதைவிடப் பெரிய பஞ்சாயத்து நடந்திருக்கும்.

உனக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது என்பது தெரியும். 'ஏன், உன் வீட்டில் பாத்ரூம் இல்லையா' என்று கேட்பாய். இருக்கிறது. ஹாஸ்டல் பீரோ அகலத்துக்கு ஒரு தொட்டி, அதில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் தோள் நனையாது, தோளை நனைத்தால் முழங்கால் வெளியே நிற்கும். முதலில் அதனால்தான் போனேன். டோக்கியோவின் நிஷி கசாயில் நம் ஆட்கள் மத்தியில் இருந்தவரைக்கும் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை, சாம்பார் பொடி வாங்கினோமா, சனிக்கிழமை கிரிக்கெட் ஆடினோமா என்று ஓடியது. சுமிதா ஆற்றை ஒட்டின இந்தப் பழைய பேட்டைக்குக் குடிவந்த பிறகுதான் இந்தக் கூடத்தைப் பார்த்தேன். முதல் தடவை பார்த்தபோது கோயில் என்றே நினைத்தேன். நினைத்ததில் தப்பில்லை, 1923 பூகம்பத்தில் டோக்கியோ எரிந்து விழுந்த பிறகு திரும்பக் கட்டியபோது, கோயில் வேலை தெரிந்த தச்சர்கள் சென்டோவுக்கும் அதே வளைந்த கூரையைப் போட்டார்கள். பிறகு அதுவே டோக்கியோ மோஸ்தர் ஆகிவிட்டது.

உள்ளே போனால் செருப்புக்கு மரப்பெட்டி. அதற்குச் சாவி ஒரு மரப்பலகை, உருவினால் பூட்டிக்கொள்ளும். கல்லாவில் முதலாளியம்மா உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறது, நான் போனைக் காட்டிவிட்டுப் போவேன், என் முன்னால் நிற்கிற பாட்டி காசுப்பையைத் திறந்து ஒவ்வொரு நாணயமாக எடுத்து வைப்பார், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். கட்டணம் 550 யென். அதை முதலாளியம்மா தன் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது தெரியுமா? டோக்கியோ அரசு நிர்ணயித்த உச்சவரம்பு அது, 2024 ஆகஸ்டில் வந்தது. அதற்கு ஆதாரம், போர் முடிந்த மறு வருஷம், 1946இல், விலையேற்றத்தை அடக்கப் போட்ட விலைக்கட்டுப்பாட்டு ஆணை. அரிசி உட்பட மற்றதெல்லாம் அதிலிருந்து எப்போதோ விடுபட்டுவிட்டன, குளியல் மட்டும் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறது. எரிவாயு விலை ஏறும், டிக்கெட் ஏறாது. கதவில் ஒட்டின தாளில் எழுதாத காரணம் இதுவும்தான் என்று நினைக்கிறேன்.

குளிக்கும் முறையைச் சொல்லாவிட்டால் உனக்குத் தூக்கம் வராது. தொட்டிக்குள் குதிக்கக்கூடாது. குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, சோப்பு போட்டு, ஒரு நுரை மிச்சமில்லாமல் கழுவிய பிறகுதான் தொட்டிக்குள் கால். அது ஊறுவதற்கு மட்டும். துண்டு தண்ணீரில் படக்கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் 42 டிகிரி, சில நாள் அதற்கும் மேல். முதல் நிமிஷம் தோலை உரிப்பது போல இருக்கும், அப்புறம் கொஞ்ச நேரத்தில் அலுவலகம், ஐடி மேனேஜர், வாடகை எதுவும் ஞாபகம் இருக்காது. மோந்து ஊற்ற மஞ்சள் பிளாஸ்டிக் கோப்பை, அடியில் சிவப்பு எழுத்தில் கெரோரின் என்று ஒரு தலைவலி மருந்து விளம்பரம், 1963இலிருந்து அதே விளம்பரம்தான். ஒசாகா பக்கம் போனால் இதே கோப்பை கொஞ்சம் சின்னதாக இருக்குமாம், அவர்கள் தொட்டியிலிருந்தே நேராக மோந்து ஊற்றுகிறவர்கள், பெரிசாக இருந்தால் கை வலிக்கும். இந்த மாதிரி நுணுக்கத்தில் இவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

சுவர் முழுக்க ஃபூஜி மலை. 1912இல் கண்டா பகுதியில் கிகாய்யு என்ற சென்டோவின் முதலாளி, குழந்தைகள் தொட்டிக்குள் இறங்க அடம்பிடிக்காமல் இருக்க ஒரு ஓவியரைக் கூப்பிட்டாராம். அவர் ஷிஸுவோகாக்காரர், தன் ஊர் மலையை வரைந்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து எல்லாச் சுவரிலும் அதே மலை. இப்போது இதைத் தொழிலாகச் செய்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நகாஜிமா மொரியோ என்று ஒரு பெரியவர், அவரிடம் தொழில் பழகிய தனாகா மிசுகி என்ற பெண், இப்படிச் சிலர். விடுமுறை நாளில் சாரம் கட்டி, பழைய படத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே, வானத்தில் தொடங்கி, ஒரே நாளில் முடித்துவிட்டு இறங்குவார்கள். எங்கள் சுவரில் அடியில் எத்தனை மலை இருக்கிறதோ. அஸ்தமனமும் இலையுதிர்காலமும் மட்டும் வரையமாட்டார்கள், வியாபாரம் உதிர்ந்துவிடுமாம். பார்த்தாயா, இங்கேயும் சகுனம்தான்.

அஸ்தமனம் வரையாமலே உதிர்ந்துகொண்டிருக்கிறது. 1968இல் டோக்கியோவில் மட்டும் 2,600க்கு மேல் சென்டோ இருந்தது, இன்று ஐந்நூறுகூடக் கிடையாது. அறுபதுகளின் தொடக்கத்தில் இந்த நாட்டில் பத்துக்கு நாலு வீட்டில் குளிக்க வசதி இல்லை, இப்போது இல்லாத வீட்டைத் தேட வேண்டும். அது நல்லதுதான், நான் மறுக்கவில்லை.

ஆனால் டிவியைப் போட்டால் சென்டோ மறுமலர்ச்சி என்கிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கின்ஷிச்சோவில் கொகனேயு என்று ஒன்றை 2020இல் புதுப்பித்தார்கள், பீர் கவுன்ட்டர், பாட்டு போட டிஜே மேடை, சானா என்கிற வெப்ப அறை. கோயன்ஜியில் 1933இல் கட்டிய கொசுகியு 2024இல் ஹராஜுகு ஷாப்பிங் மாலின் கீழ்த்தளத்தில் ஒரு கிளை திறந்தது. எல்லாவற்றுக்கும் போய்ப் பார்த்தேன், சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே செய்திருக்கிறார்கள், இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். என் வயிற்றெரிச்சல் அவர்கள் மேல் இல்லை. அங்கே நான் போனாலும் ஒன்றுதான், போகாவிட்டாலும் ஒன்றுதான். எங்கள் தெருவில் அப்படி இல்லை. அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன், இவ்வளவு சுற்றிவிட்டேன்.

இங்கே ஒரு தாத்தா உண்டு, நான் மனசுக்குள் மீசைத் தாத்தா என்று கூப்பிடுவேன். மூன்று மணிக்குக் கதவு திறப்பதற்கு முன்னாலேயே நாலைந்து பெரியவர்கள் வாசலில் நிற்பார்கள், யாரும் இறங்காத முதல் தண்ணீருக்கு. அதில் முதல் ஆள் அவர். எனக்கும் அவருக்கும் லீவு நாட்களில் நடந்த மொத்தப் பேச்சு, 'சூடா?', 'சூடு.' போன குளிர்காலம் யுசு எலுமிச்சையைத் தண்ணீரில் மிதக்கவிட்ட நாள், ஒரு பழத்தை என் பக்கம் தள்ளிவிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னார். அதுதான் நீண்ட உரையாடல். அப்புறம் ஒருநாள் அவரைக் காணோம். மறுநாளும் வரவில்லை என்றதும் முதலாளியம்மா கல்லாவைப் பூட்டிவிட்டு வீடு தேடிப் போயிருக்கிறார். தாத்தா அடுக்களையில் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிவு, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. இப்போது கம்பு ஊன்றி வருகிறார், மூன்று மணிக்கே.

2024இல் இந்த நாட்டில் தனியாக வசித்து, வீட்டிலேயே இறந்து கிடந்தவர்கள் 76,020 பேர் என்று காவல்துறை கணக்குக் கொடுத்தது. அதில் 58,044 பேர் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். அவர்களில் பலரைக் கண்டுபிடிக்கவே நாளாகியிருக்கிறது. மாதக் கடைசிக்குப் பிறகு மூன்று மணிக்குத் தாத்தா எங்கே போவார்? அடுத்த சென்டோ ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கம்போடு அவ்வளவு தூரம் முடியாது. அவர் வீட்டிலும் தொட்டி இருக்கிறது. இருந்து? இங்கே ஒரு வருஷத்தில் வீட்டுத் தொட்டியில் மூழ்கிச் சாகிற முதியவர்கள் சாலை விபத்தில் சாகிறவர்களைவிட அதிகம், அதிலும் குளிர்காலத்தில்தான் நிறைய. குளிர்ந்த அறையில் துணியைக் களைந்துவிட்டுக் கொதிக்கிற தண்ணீரில் இறங்குவார்கள், ரத்த அழுத்தம் தடாலென்று மாறும், மயங்கிவிடுவார்கள், தூக்கிவிடப் பக்கத்தில் ஆள் இருக்காது. சென்டோவில் மயங்கினால் பத்துக் கை வரும்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன், அடிக்க வராதே. அப்பா படித்துறையில் வழுக்கி விழுந்தார், இனி ஆற்றுப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன், வீட்டில் ஹீட்டர் மாட்டிவிட்டேன், உள்ளே டைல்ஸும் போட்டாச்சு என்று பெருமையாக எழுதியிருந்தாயே, எனக்குப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. உன் பயம் நியாயம். முட்டியில் தையல் என்றால் யாருக்கும் பயம் வரும். ஆனால் அப்பா ஆற்றுக்குப் போவது குளிக்க மட்டுமா? விடியற்காலம் தாமிரபரணியில் அவரோடு நிற்கிற அந்தக் கூட்டத்தில் ஒருநாள் அவர் இல்லையென்றால் யாராவது ஒருத்தர் ஈர வேட்டியோடு உன் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பார். நீ கோயம்புத்தூரிலிருந்து போன் போட்டு, அவர் எடுக்காமல், பக்கத்து வீட்டு அத்தைக்கு அடித்து, அவர் நடந்துபோய்ப் பார்ப்பதற்குள் என்ன ஆகும் என்று யோசி. டைல்ஸ் போட்ட பாத்ரூம் படித்துறையைவிட வழுக்கும், அதுவும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார், எனக்குத் தெரியும் அவரை.

ஹீட்டரைக் கழற்றச் சொல்லவில்லை. மழைக்காலத்துக்கு இருக்கட்டும், தாழ்ப்பாளை மட்டும் எடுத்துவிடு. படித்துறையில் அவர் இறங்குகிற இடத்தில் ஒரு இரும்புக் கைப்பிடி அடித்துக் கொடுக்க முடியுமா என்று பார், தெரிந்த வெல்டர் இருப்பான், பரமசிவனிடம் மட்டும் பொறுப்பைக் கொடுத்துவிடாதே. யார் கேட்டாலும் என் பேரைச் சொல், செலவில் பாதி நான் தருகிறேன், கஞ்சன் என்று நீ எனக்குப் பட்டம் கொடுத்து இத்தனை வருஷம் ஆகிறது, ஒரு தடவையாவது பொய்யாக்க விடு.

இங்கே முதலாளியம்மாவிடம் ஒன்று கேட்கலாமென்று இருக்கிறேன். கூடத்தை இடிக்கும் வரைக்குமாவது அந்த வாசல் திண்ணையில் மூன்று மணிக்கு அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாமா, வென்னீர் வேண்டாம், டீ நான் போட்டுத் தருகிறேன் என்று. வார நாளில் மூன்று மணிக்கு எனக்கு ஏது நேரம் என்று என் வீட்டம்மா சிரிக்கிறாள். ரிமோட் வேலை எதற்கு இருக்கிறது? சரிப்படுமா என்று தெரியாது. என் ஜப்பானிய மொழி 'சூடா, சூடு'க்கு மேல் எவ்வளவு தாங்கும் என்பதும் சந்தேகம்தான்.

அப்பாவிடம் கைப்பிடி விஷயத்தை நீயே சொல், நான் சொன்னேன் என்று சொன்னால் 'அவன் முதலில் தலைக்கு எண்ணெய் தேய்க்கட்டும்' என்பார். அம்மா திதிக்கு ஊருக்கு வருகிறேன், தேதி பார்த்து எழுதுகிறேன்.

மறக்காமல் பதில் போடு, பரமசிவன் வழியாக வேண்டாம்.

உன்,
கணபதி